ஆறு பத்து, ஆறு இருபத்திரண்டு

ஆகஸ்ட் 4

அன்புள்ள குறிப்பு மாமாவுக்கு,

அப்பாவின் சாவுக்கு வந்தவர்களில், நனைந்த குடையை மடித்துப் பட்டனைப் போட்டு, சொட்டும் தண்ணீர் யார் காலிலும் படாத மூலையாகத் தேடி வைத்துவிட்டு உள்ளே வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் என்னை நினைவிருக்கிறதா என்று கேட்கப் போவதில்லை. உங்களுக்கு எதுதான் மறக்கும்.

துறைமுகச் சாலையில் அப்பாவுக்குச் சிலை வைக்கிறார்கள். அக்டோபர் பன்னிரண்டு திறப்பு. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கூடம் ஒதுக்கி, அவருடைய தொப்பி, தொலைநோக்கி, பதக்கங்கள் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது மனு அம்மா குறுக்கே வந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். போரில் மூழ்கிய துருப்புக் கப்பலில் அவருடைய கணவர் இருந்தார். நாற்பத்து நான்கு வருடமாக ஆண்டுக்கு ஒரு மனு. ஒரே கேள்வி: "என் வீட்டுக்காரர் தண்ணியில கிடக்கிறது தெரிஞ்சு குண்டு போட்டாங்களா, தெரியாம போட்டாங்களா?" விசாரணைக் குழு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அவருக்கு அது போதவில்லை. இந்த வருட மனுவைச் சிலைக் கமிட்டிக்கே அனுப்பிவிட்டார்.

அன்று அப்பாவின் கப்பலில் குறிப்பு எழுதியவர் ஒரு சாட்சிக் கடிதம் கொடுத்தால் கோப்பை மூடிவிடலாம் என்கிறார் கமிட்டித் தலைவர். அன்று இருந்தவர்களில் இன்று இருப்பது நீங்கள் மட்டும்தான். ஒரு பக்கம் போதும் மாமா.

உங்கள்,
பாப்பா

ஆகஸ்ட் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று எழுதக் கை கூசுகிறது. உன் அப்பா, எங்கள் கமாண்டர், அப்படித்தான் சொல்லுவார். எனக்கு வேறு பெயர் பழகவில்லை.

சாட்சிக் கடிதம் தருகிறேன். தர வேண்டிய கடமையும் இருக்கிறது. ஆனால் எழுதுமுன், நடந்ததை ஒருமுறை வரிசையாக உனக்கு எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். பிழை இருந்தால் உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தோடு போகட்டும், கமிட்டிக்குப் போக வேண்டாம்.

கப்பலில் என் இடம் மேல்தளத்துக்குக் கீழே இருந்த சிறிய குறிப்பறை. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஆறு பென்சில், காதருகே ஒரு பித்தளைப் பேச்சுக்குழாய். மேலே நடப்பதெல்லாம் அந்தக் குழாய் வழியாக வரும். வந்ததை மணி போட்டுப் பென்சிலில் எழுதுவேன். மேல்தளத்துக் கடிகாரத்தோடு இணைத்த ஒரு முகப்பு என் சுவரில் இருந்தது. பிறகு மையில் சுத்தப் பிரதி எடுத்துக் கமாண்டரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, பென்சில் பிரதியை அவர் முன்னாலேயே எரித்துவிட வேண்டும்.

கிழக்கே போகும்போது ஒவ்வொரு மாலையும் கடிகாரங்களை இருபது நிமிடம் முன்னே தள்ள வேண்டும். அதுவும் என் வேலை. மேல்தளத்தில் ஒன்று, குண்டு போடும் பின்தளத்தில் ஒன்று.

அன்று காலை மூடுபனி. துருப்புக் கப்பலை நீர்மூழ்கி அடித்து அரைமணி ஆகியிருந்தது. நம் கப்பல் அதைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் தண்ணீருக்கடியில் வெடிக்கும் பீப்பாய்க் குண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தது. வெடித்து வெடித்து என் காது அடைத்துப்போயிருந்தது. தண்ணீரில் ஆட்கள் கிடக்கிறார்கள் என்று காவல்காரர் சொன்னதை 6.10 என்று எழுதினேன். கடைசிக் குண்டு வரிசை 6.22 என்று பின்தளத்திலிருந்து சீட்டு வந்தது. நீர்மூழ்கி அதில்தான் உடைந்தது. தண்ணீரில் கிடந்த நம் ஆட்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் அதில்தான் போனார்கள்.

மதியம் கமாண்டர் என் அறைக்கு வந்தார். எனக்கு எதிரில் நிற்காமல் கடிகார முகப்பைப் பார்த்து நின்றார். "நேத்து சாயங்காலம் மேல்தளக் கடிகாரத்த தள்ளினியா? பின்தளத்தோட இருபது நிமிஷம் ஒதைக்குதே" என்றார். தள்ளியதாகத்தான் நினைவு என்றேன். "நினைவா, நிச்சயமா?" என்றார். நிச்சயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எதிலும் வந்ததில்லை. "மறந்திருப்பே. பரவாயில்ல. உன் ஆறு பத்து உண்மையில ஆறரை. குண்டு போட்டப்புறம்தான் ஆளுங்க இருந்தது தெரிஞ்சது. சுத்தப் பிரதியில திருத்திடு" என்றார்.

திருத்தினேன். விசாரணையிலும் மறந்திருக்கலாம் என்று சொன்னேன். மாலை உத்தரவுப் புத்தகத்தில் முந்தின நாள் தாள் கடல் தண்ணீரில் ஊறிக் கிழிந்துபோனதால் சரிபார்க்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் கவனக்குறைவால் ஒரு நல்ல மனிதரின் பெயர் கெட இருந்தது. அவர் எனக்குத் தண்டனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். போர் முடிந்ததும் ஆவணக் காப்பகத்தில் வேலையும் வாங்கித் தந்தார். விடைபெறும்போது ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்து, "இனிமே மறக்காதே" என்று சிரித்தார். இன்றுவரை அது நின்றதில்லை.

இதைத்தான் எழுதித் தர வேண்டும் என்றால் எழுதித் தருகிறேன்.

ஆகஸ்ட் 17

அன்புள்ள மாமாவுக்கு,

இதுதான் வேண்டும். இதிலிருந்து கடிகாரமும் ஆறரையும் மட்டும் போதும். மதியம் அப்பா எங்கே பார்த்துக்கொண்டு நின்றார் என்பதெல்லாம் கமிட்டிக்கு எதற்கு? வரைவு ஒன்று தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. அப்பாவின் மேசைப் படத்தைச் சட்டம் மாற்றக் கொடுத்தேன். கழற்றியபோது படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. ஏதோ கப்பல் உத்தரவு. மாலைக் காவல், விளக்கு அணைத்தல், கடிகாரங்கள் இருபது நிமிடம் முன்னே, இப்படி அப்பா கையெழுத்தில் ஏழெட்டு வரி. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் உங்கள் முதலெழுத்து மாதிரி இருக்கிறது. அப்பா தன் கைப்பட எழுதிய கப்பல் தாள் வேறு எதுவும் எங்களிடம் இல்லை. கூடத்தில் நடுநாயகமாக வைக்கலாம் என்று கமிட்டித் தலைவருக்கு ஒரே சந்தோஷம். தாளில் அங்கங்கே அழுக்கு. ரப்பர் போட்டு மெதுவாகத் துடைத்துவிட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

எந்த நாளின் தாள் என்று பார்த்துச் சொல்லுங்கள். தேதி மங்கலாக இருக்கிறது. ஓரம் கிழிந்திருக்கிறது. மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது, நனைந்த தடயமே இல்லை.

பாப்பா

ஆகஸ்ட் 21

பாப்பா,

துடைக்காதே. தயவுசெய்து எதையும் துடைக்காதே. சட்டம் போடவும் கொடுக்காதே.

மூன்று விவரம் வேண்டும். ஒன்று, கடிகாரம் பற்றிய வரி ஒன்றா, மேல்தளத்துக்கும் பின்தளத்துக்கும் தனித்தனியாக இரண்டா? இரண்டு, என் முதலெழுத்து எந்தெந்த வரியின் எதிரில் இருக்கிறது? மூன்று, அந்த எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கிறதா? எழுத்து மையிலும் புள்ளி பென்சிலிலும் இருக்க வேண்டும்.

வேலையைச் செய்ததும் மையில் எழுத்துப் போடுவேன். பிறகு திரும்பிப் போய், செய்ததை இன்னொரு தரம் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பென்சிலில் புள்ளி வைப்பேன். கப்பலில் எல்லாரும் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். சமையல்காரர் என்னைப் "புள்ளிக்காரரே" என்றுதான் கூப்பிடுவார். இந்த வழக்கம் கமாண்டருக்கும் தெரியும்.

வரைவில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஆகஸ்ட் 27

மாமா,

நான் ஒரு பக்கக் கடிதம் கேட்டேன். நீங்கள் எனக்குப் பரீட்சை வைக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி தேட எனக்கு நேரமில்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது, பேச வருகிறவர்களுக்கு அறை பார்க்க வேண்டும், சிலைக்கு மூக்கு சரியாக வரவில்லை என்று சிற்பியோடு தினமும் சண்டை.

அசல் தாளையே பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடிகார வரி இரண்டு இருக்கிறது. இரண்டுக்கும் எதிரில் எழுத்து இருக்கிறது. எழுத்துக்குக் கீழே இருப்பதைத்தான் நான் அழுக்கு என்று சொன்னேன்.

தாளோடு வரைவையும் கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். மனு அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். அவருடைய மகள் கமிட்டிக்குப் போன் செய்து, "அம்மா இருக்கும்போதே ஒரு பதில் சொல்லிடுங்க" என்றாளாம். எனக்கும் சீக்கிரம் முடிய வேண்டும்.

பாப்பா

செப்டம்பர் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் தபால் முப்பதாம் தேதியே கிடைத்தது. பதினாறு நாள் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். அவசரத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று பார்த்தேன். இதில் என் சௌகரியமும் கலந்திருக்கிறது. நான் குற்றமற்றவன் என்று காட்டும் தாள் இது. அதனாலேயே இதை நம்ப எனக்குத் தயக்கம்.

முதலில் தேதி. மங்கலாக இருந்தாலும், சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பேனா அழுத்திய தடம் தெரிகிறது. சம்பவத்துக்கு முந்தைய மாலைதான். காப்பகத்தில் வேலை செய்தபோது நான் எடுத்துவைத்திருந்த அந்தப் பயணத்தின் உத்தரவுப் பட்டியலோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். மூன்று தடவை. பொருந்துகிறது.

பிறகு என் எழுத்து. என்னுடையதுதான். பிறகு புள்ளி. ஒருவேளை பார்க்காமலே புள்ளி வைத்திருப்பேனோ என்று நான்கு நாள் யோசித்தேன். வைத்திருக்க மாட்டேன். அதே தாளில் விளக்குகளுக்கான வரியில் என் எழுத்து இருக்கிறது, புள்ளி இல்லை. அன்று முன்பக்க விளக்கைத் திரும்பிப் போய்ப் பார்க்க முடியவில்லை. அதனால் வைக்கவில்லை. பார்க்காததற்கு நான் புள்ளி வைக்கிறவன் இல்லை என்று அந்த வரியே சொல்கிறது.

ஆகவே மேல்தளக் கடிகாரம் தள்ளப்பட்டிருந்தது. ஆறு பத்து என்பது ஆறு பத்துதான். காவல்காரர் சொன்னது குண்டு போடுவதற்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னால். கமாண்டருக்குத் தெரியும். தெரிந்துதான் உத்தரவு கொடுத்தார். கீழே நீர்மூழ்கி, அதை விட்டால் மீதிக் கப்பல்கள் நான்கு. நான்கு கப்பல்களிலும் இரண்டாயிரம் பேர். அந்தக் கணக்கு சரியா தப்பா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர் அதை விசாரணையில் சொல்லியிருக்கலாம். ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார்கள். சொல்லாமல் என் கடிகாரத்தின் மேல் போட்டார். காவல்காரர் உட்பட மேல்தளத்தில் கூட நின்ற இருவரும் அதே ஆண்டு, விசாரணைக்கு முன்பே, கடலோடு போய்விட்டார்கள். மறுத்துச் சொல்ல யாருமில்லை. நான் மறுக்க மாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

நாற்பத்து நான்கு வருடமாக வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். பாதித் தெரு போனவன் அடுப்பு அணைத்தேனா என்று திரும்பி வருகிறேன். இதைப் பார்த்துப் பார்த்து என் மனைவி, "நீங்க கல்யாணம் பண்ணினதையே ரெண்டு தரம் சரிபார்த்தீங்களே" என்பாள். அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடிகாரத்தை நான்தான் மறந்தேன் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

வரைவில் கையெழுத்துப் போட முடியாது பாப்பா.

செப்டம்பர் 19

மாமா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

தாளைத் திருப்பி அனுப்புங்கள். அது எங்கள் வீட்டுத் தாள். நான் நம்பி அனுப்பியது. அழுக்கைத் துடைத்துவிட்டு அனுப்பியிருந்தால் உங்களுக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

அப்பா உங்களுக்கு வேலை வாங்கித் தந்தார். உங்கள் மனைவிக்கு ஆபரேஷன் என்றபோது பெரிய டாக்டரிடம் தானே காரில் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் உங்களுக்கு ஒரு டைரி அனுப்பினார். எனக்கு ஒரு பிறந்தநாளுக்காவது அவர் கையால் ஏதாவது வந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். அதை லஞ்சம் என்று சொல்லப் போகிறீர்களா?

இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறவர் அல்லவா. அப்பா கடைசி வரையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மாட்டார். ஈரத் துணியால் துடைத்துக்கொள்வார். குளத்தில் நாங்கள் குளித்தால் கரையில் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். நாங்கள் மூன்று பேர்தான். மூன்று பேரை அவ்வளவு நேரம் எண்ண என்ன இருக்கிறது என்று அம்மா சிரிப்பாள். போரில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். இப்போது அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

உங்களுக்கு எழுபத்தைந்து வயது. அப்பா இல்லை. காவல்காரர் இல்லை. இனி யாருக்கு இது வேண்டும்? பேசாமல் இருந்துவிடுங்கள். கையெழுத்துகூட வேண்டாம். நாற்பத்து நான்கு வருடம் உங்களுக்குப் பேசாமல் இருக்க வந்ததே, இன்னும் கொஞ்ச நாள்.

செப்டம்பர் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாளை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ சொன்னது சரி, அது உன் வீட்டுத் தாள். கிழித்தாலும் எரித்தாலும் உன் இஷ்டம். அவர் எரிக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வை. பென்சில் பிரதியைத் தன் கண் முன்னால் எரிக்க வைத்தவர், இதை எரிக்காமல் தன் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

சாட்சிக் கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு பிரதி. ஒன்று உனக்கு. மற்றது அந்த அம்மாவுக்கு. இன்று காலை நானே தபால் நிலையம் போய்ச் சேர்த்தேன். எழுதி முடித்தது இருபத்து இரண்டாம் தேதி. எட்டு நாள் மேசையில் வைத்து, தினமும் ஒரு தடவை படித்து, மணிகளைச் சரிபார்த்தேன். இன்றுதான் என் எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தேன்.

உன் அப்பா எனக்குச் செய்தது எல்லாம் உண்மை. என் மனைவிக்கு அந்த டாக்டர் இல்லாவிட்டால் இன்னும் பதினைந்து வருடம் கிடைத்திருக்காது. அதை லஞ்சம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது என்ன தப்புச் செய்தது.

அக்டோபர் 8

மாமா,

ஐந்தாம் தேதி மனு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். எதற்கென்று மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைத் திறப்பு விழா முடியும் வரையாவது வெளியே காட்ட வேண்டாம் என்று கெஞ்சத்தான் போனேன்.

இரண்டாம் மாடி. படிக்கட்டில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒன்றாம் தேதி சாயங்காலம் இறந்துவிட்டார். நீங்கள் தபாலில் சேர்த்த மறுநாள். கடிதம் மூன்றாம் தேதிதான் வந்திருக்கிறது. பிரிக்காமல் அலமாரியில் மருந்துப் புட்டிகளுக்கு நடுவில் இருந்தது. நீங்கள் எட்டு நாள் புள்ளி வைக்காமல் இருந்தீர்கள். குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மகள் என்னைக் கமிட்டி ஆள் என்று நினைத்துக்கொண்டாள். "அம்மா பேருக்கு ஒரு லெட்டர் வந்திருக்குங்க. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, எழுத்தே தெரிய மாட்டேங்குது. நீங்களே பிரிச்சு வாசிங்களேன்" என்று கையில் கொடுத்தாள்.

வேறு எதையாவது வாசித்திருக்கலாம். உறையைக் கிழிக்கும்போதுகூட அதைத்தான் நினைத்தேன். விசாரணைக் குழு சொன்னதே சரி என்று நாலு வரி வாயில் வந்து நின்றது. ஆனால் உங்கள் கையெழுத்து அப்படி நேராக, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தது. ஒரு வரியை விட்டால் அடுத்த வரி நிற்காது. எல்லாவற்றையும் வாசித்தேன்.

மணி எழுதியிருந்த இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். ஆறு பத்து, ஆறு இருபத்திரண்டு. "அப்ப பன்னெண்டு நிமிஷம்" என்றாள். "அம்மா இத மட்டும்தாங்க கேட்டுட்டிருந்தா." பிறகு நான் யார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் படியிறங்கும்போதுதான் மேலேயிருந்து கூப்பிட்டாள். "இத எழுதினவர் உயிரோட இருக்காரா?" இருக்கிறார் என்றேன். "அந்தப் பன்னெண்டு நிமிஷம் அவர் என்ன செஞ்சுட்டிருந்தார்னு கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுவிட்டேன்.

தாளையும் உங்கள் கடிதத்தையும் நேற்றுக் கமிட்டித் தலைவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தார். "விழா முடியட்டும்மா" என்றார். சிலை திறப்பார்கள். திரைக் கயிற்றை இழுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

பாப்பா

அக்டோபர் 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அந்தப் பெண்ணின் விலாசத்துக்கே எழுதலாம் என்று நினைத்தேன். கேள்வி உன் வழியாக வந்ததால் பதிலும் உன் வழியாகவே போகட்டும். அப்படியே கொடுத்துவிடு.

காவல்காரர் சொன்னது கமாண்டருக்கு மட்டும் கேட்கவில்லை. அதே வார்த்தை பேச்சுக்குழாய் வழியாக எனக்கும் வந்தது. தண்ணீரில் ஆட்கள், நிறைய, கை காட்டுகிறார்கள். எழுதினேன். 'கை காட்டுகிறார்கள்' என்று எழுதும்போது பென்சில் முனை உடைந்தது. மேசையில் இன்னும் ஐந்து பென்சில் இருந்தன. இருந்தாலும் உடைந்ததை எடுத்துச் சீவினேன். பொறுமையாகச் சீவினேன். சுருள்களை மேசை ஓரத்தில் ஒன்றாகக் கூட்டி வைத்தேன்.

குண்டு வெடித்தபோது அந்தச் சுருள்கள் மேசையிலிருந்து எழும்பித் தரையில் சிதறின. குனிந்து பொறுக்கினேன்.

எது முன்னால், எது பின்னால் என்று நினைவில்லை என்றுதான் விசாரணையில் சொன்னேன். உன் முதல் கடிதம் வந்தபோதும் அப்படித்தான் நம்பினேன். சுருள்கள் எழும்பியது மட்டும் எனக்கு எப்போதும் நினைவிருந்தது. சீவியது எழுதிய பிறகு என்றும், சிதறியது சீவிய பிறகு என்றும் அவற்றை வரிசையில் வைத்துப் பார்க்க நாற்பத்து நான்கு வருடத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தவறிப்போன கடிகாரம் ஒன்று எனக்கும் தேவையாக இருந்திருக்கிறது.

என் அறையிலிருந்து மேல்தளத்துக்கு ஆறு படி. பன்னிரண்டு நிமிடத்தில் எத்தனை தரம் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஏறி, ஆட்கள் இருக்கிறார்கள் ஐயா என்று ஒரு தரம் சொல்லியிருக்கலாம். கேட்டிருக்க மாட்டார். சொல்லியிருக்கலாம்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் போகவில்லை.

இதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கவில்லை. பத்து மணித் தபாலில் போக வேண்டும்.

குறிப்பு மாமா